மைக்ரோ ஆர்என்ஏ இலக்குக் கணிப்பு: டூல்கள் முரண்படும்போது அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

மைக்ரோ ஆர்என்ஏ என்பது எம்ஆர்என்ஏவில் (மரபணுவின் செய்தி நகலில்) ஒட்டி அந்த மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ; அது அடக்கும் மரபணுதான் இலக்கு. எவை இலக்கு என்று கணிக்கக் கணினி டூல்கள் பல இருக்கின்றன. ஒரே மைக்ரோ ஆர்என்ஏவை நான்கு டூல்களில் போட்டால் நான்கு விதமான பட்டியல் வரும். டர்பனில் வெஸ்ட்வில் வளாகத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வு செய்யும் பிள்ளைகள் இந்தச் சிக்கலோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வளர்ந்தவர்களும் உண்டு. பாதிக்குமேல் நீரிழிவு ஆய்வுதான். இங்கே நம் குடும்பங்களில் அந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, இதில் எதை நம்புவது?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குமுன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: நான்கு டூல்களிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோமா? பெரும்பாலும் இல்லை. பெயர் மாறியிருக்கும், கட்-ஆஃப் மாறியிருக்கும், எடுத்துக்கொண்ட டிரான்ஸ்கிரிப்ட் (அந்த மரபணுவின் எம்ஆர்என்ஏ வடிவம்) மாறியிருக்கும். அதையெல்லாம் கழித்த பிறகு மிச்சமிருப்பதுதான் உண்மையான முரண்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியதை முதலிலும் லேபில் மாதக்கணக்கில் இழுப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

லேபில் நன்றாக நிரூபிக்கப்பட்ட இரண்டு ஜோடிகளை உங்கள் டூலில் ஓட்டிப் பாருங்கள்: மிர்-21-5பி, பிடிசிடி4; அப்புறம் லெட்-7ஏ-5பி, எச்எம்ஜிஏ2 (முதலில் மைக்ரோ ஆர்என்ஏ, அடுத்து அதன் இலக்கு மரபணு). இவைதான் நம் கட்டுப்பாட்டு ஜோடிகள். இரண்டாவதில் எச்எம்ஜிஏ2 மரபணுவின் 3 பிரைம் யுடிஆரில் (எம்ஆர்என்ஏவில் புரதக் குறியீட்டுக்குப் பின் வரும் வால் பகுதியில்) லெட்-7 அமரும் இடம் ஏழு இருக்கிறது; எந்த நல்ல டூலும் அதைத் தவறவிடக் கூடாது. நீங்கள் ஓட்டிய முறையில் இவை வரவில்லை என்றால் கோளாறு உயிரியலில் இல்லை, உங்கள் உள்ளீட்டில் இருக்கிறது. இவை வந்தால் மட்டும் கீழே போங்கள்.

## அறிகுறி 1: ஒரு டூலில் ஆயிரக்கணக்கில் மரபணு, இன்னொன்றில் சொற்பம் அல்லது பூஜ்யம்

பெயரைப் பாருங்கள். மைக்ரோ ஆர்என்ஏக்களின் பெயரைப் பதிவு செய்யும் மிர்பேஸ் தரவுத்தளத்தில் பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் மாறியிருக்கின்றன. பழைய கட்டுரைகளில் மிர்-21 என்றும், எதிர் இழையை நட்சத்திரம் போட்டு மிர்-21* என்றும் எழுதினார்கள். இப்போது அவை மிர்-21-5பி, மிர்-21-3பி. மிர்-375 என்று நமக்குப் பழகிய பெயர் பதிப்பு 22-இல் மிர்-375-3பி ஆகிவிட்டது. பழைய பெயரை ஒரு டூல் ஏற்கும், இன்னொன்று "இல்லை" என்று சொல்லும். மூன்றாவது சத்தமில்லாமல் வேறு இழையை எடுத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து.

பின்னொட்டு மாறினால் என்ன ஆகும் என்று கிட்டத்தில் பார்ப்போம். இலக்கைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு விதைப் பகுதிக்கு, அதாவது மைக்ரோ ஆர்என்ஏவின் வரிசையில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகளுக்கு (நியூக்ளியோடைடுகளுக்கு). மிர்-21-5பியின் விதை ஏ-ஜி-சி-யு-யு-ஏ-யு. மிர்-21-3பியின் விதை ஏ-ஏ-சி-ஏ-சி-சி-ஏ. இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை. ஒரே முன்னோடி மூலக்கூறின் இரண்டு கைகள் என்பதால் இலக்குகளும் நெருக்கமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டியல் முழுக்க மாறும். அதனால் பெயரை நம்பாமல், மிர்பேஸிலிருந்து எழுத்து வரிசையை எடுத்து, ஒவ்வொரு டூலும் காட்டும் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

குடும்பமா, தனி ஆளா? டார்கெட்ஸ்கேன் என்ற டூல் ஒரே விதை கொண்டவற்றைக் குடும்பமாகச் சேர்த்து விடை தரும். லெட்-7 குடும்பமும் மிர்-98-உம் அதில் ஒரே பட்டியல். மிர்டிபி என்ற இன்னொரு டூல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும்.

பாதுகாக்கப்பட்ட இடம் மட்டுமா? டார்கெட்ஸ்கேனில் முதுகெலும்பிகளிடையே பரவலாகக் காணப்படும் குடும்பத்தைத் தேடினால், பல உயிரினங்களிலும் மாறாமல் நீடிக்கும் இடங்களைக் கொண்ட மரபணுக்கள்தான் முதலில் வரும். எல்லா இடங்களையும் பார்க்கத் தனி இணைப்பு இருக்கிறது. பரவலாக இல்லாத மைக்ரோ ஆர்என்ஏவைத் தேடினாலோ எல்லா இடங்களுமே வந்துவிடும். ஆகவே ஒரே டூலில் இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களை ஒப்பிடும்போதுகூட வடிகட்டி ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். "இந்த மைக்ரோ ஆர்என்ஏவுக்கு இலக்கு அதிகம்" என்ற முடிவு பல ஆய்வேடுகளில் இந்த ஒரு காரணத்தால் வந்தது.

கட்-ஆஃப். மிர்டிபி 50 முதல் 100 வரை ஸ்கோர் தரும். 80-க்கு மேல் நம்பலாம், 60-க்குக் கீழே வேறு ஆதாரம் தேடு என்று அதுவே சொல்கிறது. டயானா மைக்ரோடி-சிடிஎஸ் வழக்கமாக 0.7-இல் வெட்டும். மிராண்டாவை உங்கள் கணினியில் நேரே ஓட்டினால் ஸ்கோர் எல்லை 140. ஆனால் ஆற்றல் எல்லை தன்னியல்பாகவே மிகத் தளர்வாக, 1 கிலோகலோரி என்று இருக்கும். ஆற்றலை வைத்து அது எதையும் வடிகட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கண்டிப்பான விதைப் பொருத்தமும் நீங்கள் கேட்டால்தான் வரும். மிராண்டா ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது என்று குறைபடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் தொடாமல் ஓட்டியவர்கள்.

மல்டிமிர் பயன்படுத்துகிறீர்களா? ஆர் மொழியில் இயங்கும் இந்தத் தொகுப்பு 14 தரவுத்தளங்களை ஒரே இடத்தில் தருகிறது. ஆனால் எதுவும் குறிப்பிடாமல் கேட்டால் சோதனையில் உறுதியானவை மட்டும் வரும், கணிப்புகள் வராது. கணிப்பைக் கேட்டாலும் ஒவ்வொன்றிலும் மேலே உள்ள 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

நீங்களே எழுத்து வரிசை கொடுத்து ஓட்டியிருந்தால் ஃபைலைக் கண்ணால் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் டவுன்லோட் பாதியில் நின்று, கடைசிக் குரோமோசோம்கள் இல்லாத யுடிஆர் ஃபைலை வைத்து வேலை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். அப்புறம் திசை: மைக்ரோ ஆர்என்ஏவும் யுடிஆரும் இரண்டுமே 5 பிரைமிலிருந்து (தொடக்க முனை) 3 பிரைம் (கடைசி முனை) நோக்கி இருக்க வேண்டும். எதிர் இழையில் உள்ள மரபணுவை ஜீனோமிலிருந்து வெட்டி எடுத்தவர்கள் திருப்பிப் போட மறந்திருக்கலாம்.

கைச்சோதனை ஒன்று சொல்கிறேன். மிர்-21-5பியின் விதைக்குப் பொருந்தும் இடம் டிஎன்ஏ ஃபைலில் ஏ-டி-ஏ-ஏ-ஜி-சி-டி என்று இருக்கும். அதை அடுத்து ஒரு ஏ வந்தால் மிக வலுவான எட்டெழுத்து இடம். பிடிசிடி4-இன் யுடிஆரில் இந்த எட்டும் அப்படியே கிடக்கிறது. எடிட்டரில் தேடிப் பாருங்கள். தேடுமுன் வரிகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வரி முறியும் இடத்தில் அது இரண்டாகி, கண்ணுக்குத் தப்பும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்து, இரண்டு கட்டுப்பாட்டு ஜோடிகளும் இன்னும் வரவில்லை என்றால் பயோஇன்ஃபர்மாட்டிக்ஸ் ஆள் ஒருவர் உங்கள் ஸ்கிரிப்டைப் பார்க்கட்டும். முழு ஜீனோமுக்கும் ஓட்ட வேண்டியிருந்தால் லேப்டாப்பை வாட்டாதீர்கள். கேப் டவுனில் உள்ள உயர்திறன் கணிப்பு மையம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கணினி நேரம் தருகிறது. விண்ணப்பத்தை உங்கள் மேற்பார்வையாளர் வழியாகப் போடுங்கள்.

## அறிகுறி 2: இரண்டு பட்டியலும் பெரிது, ஆனால் பொதுவான பெயர் மிகக் குறைவு

எக்செலில் திறந்தீர்களா? தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸ் தசமத்துக்குப் புள்ளி வைக்காது, காற்புள்ளி வைக்கும். டூல்கள் எல்லாம் புள்ளி வைத்தே ஸ்கோர் தருகின்றன. ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் -0.35 என்பது எண்ணாக ஏறாமல் எழுத்தாக ஏறும். வரிசைப்படுத்தினால் எழுத்து வரிசையில் போகும். "முதல் 200" என்று நீங்கள் வெட்டி எடுப்பது தாறுமாறான 200. சென்னையில் இருக்கும் நண்பரின் கணினியில் அதே ஃபைல் சரியாகத் திறக்கும் என்பதால், சிக்கல் இங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. டேட்டா மெனு வழியாக இறக்குங்கள், தசமக் குறி புள்ளி என்று சொல்லுங்கள், மரபணுப் பெயர் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

அந்தக் கடைசிப் படி ஏன் முக்கியம் என்றால், பழைய பெயர்களான செப்ட்2, மார்ச்1 ஆகியவற்றை எக்செல் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் மனித மரபணுப் பெயர்க் குழு 2020-இல் அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. அதனால் இப்போது பழைய டூலில் ஒரு பெயர், புதியதில் ஒரு பெயர். பெயரை வைத்து இணைக்கவே வேண்டாம். என்சிபிஐ, என்செம்பிள் ஆகிய தரவுத்தளங்கள் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எண்ணில் ஒன்றை வைத்து இணையுங்கள். டார்கெட்ஸ்கேன் என்செம்பிள் பக்கம், மிர்டிபி என்சிபிஐ பக்கம், ஆகவே ஒரு மாற்று அட்டவணை தேவைப்படும். இதை மட்டும் சரிசெய்ததில் பொதுப் பெயர்கள் கண்கூடாகக் கூடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்கோரின் திசை. டார்கெட்ஸ்கேனின் கான்டெக்ஸ்ட்++ ஸ்கோர் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு நல்லது. ஆர்என்ஏஹைப்ரிட், பீட்டா ஆகிய டூல்கள் தரும் ஆற்றல் மதிப்புகளும் அப்படித்தான். மிர்டிபியிலும் மைக்ரோடியிலும் பெரிய எண்தான் நல்லது. ஒன்றை மேலிருந்தும் இன்னொன்றைக் கீழிருந்தும் வெட்டினால் சேராதவைதான் சேரும்.

எந்த டிரான்ஸ்கிரிப்ட்? ஒரே மரபணுவுக்கு நீளமான யுடிஆரும் உண்டு, குட்டையானதும் உண்டு. ஒரு டூல் நீண்டதை எடுத்து, இன்னொன்று குட்டையானதை எடுத்திருந்தால், இடம் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. சந்தேகமான மரபணு பத்தை எடுத்து யுடிஆரின் நீளத்தை மட்டும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லையா? அப்படியானால் இப்போதுதான் உண்மையான முரணுக்கு வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு டூலும் கேட்கும் கேள்வியே வேறு. டார்கெட்ஸ்கேன் விதைப் பொருத்தத்தையும் இடத்தின் சூழலையும் வைத்து, எம்ஆர்என்ஏ எவ்வளவு குறையும் என்று கணிக்கிறது. பீட்டா அந்த இடம் மடிப்புக்குள் மறைந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்க்கிறது. ஆர்என்ஏஹைப்ரிட்டுக்கு இரண்டு இழையும் சேர்ந்தால் கிடைக்கும் ஆற்றல் முக்கியம். மைக்ரோடி-சிடிஎஸ் புரதத்தைக் குறிக்கும் பகுதியிலும் இடம் தேடுகிறது. மிர்வாக் 5 பிரைம் யுடிஆரையும் விடுவதில்லை. யுடிஆரில் மட்டும் தேடும் டூலோடு இவற்றை ஒப்பிடும்போது வேறுபாடு வந்தே தீரும்.

இங்கேதான் எல்லோரும் வென் படம் போட்டு, நான்கிலும் வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. நான்கு டூலும் விதையையும் பரிணாமப் பாதுகாப்பையும் வைத்தே முடிவு செய்தால், நான்கும் ஒத்துப் போவது நான்கு சாட்சி ஆகாது. ஒரே சாட்சி நான்கு முறை பேசுவதுதான். அதே சமயம் ஒரு டூல் மோசமாக இருந்தால் அது தன் குறையால் நல்ல இலக்குகளையும் வெளியே தள்ளிவிடும். என் வழி இது: விதையை வைத்து நன்றாகப் பயிற்றப்பட்ட ஒன்று, அதாவது டார்கெட்ஸ்கேன் அல்லது மிர்டிபி, முதன்மைப் பட்டியல். அதன் மேல் கணிப்பல்லாத ஆதாரம் ஒன்று: மைக்ரோ ஆர்என்ஏவைச் சுமக்கும் ஆர்கொனாட் புரதத்தை, அது ஒட்டியிருக்கும் ஆர்என்ஏவோடு பிடித்து எடுத்த கிளிப் வகைத் தரவு, அல்லது உங்கள் சொந்த எம்ஆர்என்ஏ அளவீடு. இந்த இரண்டும் சந்திக்கும் இடம் நான்கு டூல்கள் சந்திக்கும் இடத்தைவிட எனக்கு மதிப்பானது.

## அறிகுறி 3: கட்டுரையில் நிரூபித்திருக்கிறார்கள், ஆனால் எந்த டூலிலும் வரவில்லை

முதலில் "நிரூபணம்" என்ன என்று திறந்து பாருங்கள். சோதனையில் காட்டப்பட்ட ஜோடிகளைத் தொகுக்கும் மிர்டார்பேஸில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆதார வகை போட்டிருக்கிறார்கள். லூசிஃபெரேஸ் ரிப்போர்ட்டர் (யுடிஆரோடு இணைத்த ஒளிரும் புரதம்), வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவு), க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவு) இருந்தால் வலு. வெறும் மைக்ரோஅரே அல்லது சீக்வென்சிங் என்றால் மறைமுக விளைவாகவும் இருக்கலாம்: மைக்ரோ ஆர்என்ஏ வேறொன்றை அடக்க, அது இதைக் குறைத்திருக்கும்.

ஆதாரம் வலுவாக இருந்தால் மூன்று சாத்தியங்கள். விதைப் பொருத்தம் பழுதானதாக இருக்கலாம். கேரி ரவ்கன் ஆய்வகத்திலிருந்து வந்த, உருளைப்புழுவின் லெட்-7, லின்-41 ஜோடியே இதற்குச் சாட்சி. அவருக்கு 2024-இல் விக்டர் ஆம்ப்ரோஸோடு நோபல் கிடைத்தது. லின்-41-இல் லெட்-7 அமரும் இரண்டு இடங்களில் ஒன்றில் ஓர் எழுத்து துருத்திக்கொண்டிருக்கிறது, இன்னொன்றில் ஜி-யு தளர்வு இணை (வழக்கமான ஜி-சி, ஏ-யு அல்லாத பொருத்தம்) இருக்கிறது. கண்டிப்பான விதை கேட்கும் டூல் இரண்டையும் ஒதுக்கிவிடும். இரண்டாவது, இடம் யுடிஆருக்கு வெளியே இருக்கலாம். அதற்கு மிர்வாக், மைக்ரோடி-சிடிஎஸ்.

மூன்றாவது, உங்கள் மாதிரியின் எழுத்து வரிசை, தரவுத்தளங்கள் பொது அளவுகோலாக வைத்திருக்கும் குறிப்பு ஜீனோமில் உள்ளதைப் போல் இல்லாமல் இருக்கலாம். டெக்சல் ஆட்டில் மயோஸ்டாட்டின் மரபணுவின் யுடிஆரில் ஒரு ஜி, ஏ ஆக மாறியதும் மிர்-1, மிர்-206 அமரப் புதிய இடம் உண்டானது; அந்த ஆட்டின் தசைப் பெருக்கத்துக்கு அதுவே காரணம் என்று 2006-இல் காட்டினார்கள். குறிப்பு ஜீனோமை மட்டும் படிக்கும் டூலுக்கு இது தெரிய வழியே இல்லை. தென்னாப்பிரிக்க மாதிரிகளோடு வேலை செய்பவர்கள், கருப்பினத்தவர் மாதிரியானாலும் நம்மவர் மாதிரியானாலும், இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். யுடிஆரை மட்டும் பெருக்கி சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள், பெரிய செலவில்லை. மாற்றம் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குமேல் மரபியல் ஆலோசகரும் புள்ளியியலாளரும் இல்லாமல் போகாதீர்கள்.

## அறிகுறி 4: அதே டூல், சில மாதம் கழித்து வேறு விடை

பதிப்பு மாறியிருக்கிறது. டார்கெட்ஸ்கேன் 7 வந்தது 2015-இல், 8 வந்தது 2021-இல். பதிப்பு மாறும்போது ஸ்கோர் கணக்கிடும் விதமும் மாறலாம். மைக்ரோஆர்என்ஏ டாட் ஆர்க் தந்த மிராண்டா கணிப்புகளோ 2010 ஆகஸ்டோடு நின்றுவிட்டன. டூலின் பதிப்பு, மிர்பேஸ் பதிப்பு, ஜீனோம் பதிப்பு, எடுத்த தேதி: நான்கையும் ஃபைலின் பெயரிலேயே எழுதுங்கள். ஆய்வேட்டின் நடுவில் பதிப்பு மாற்றாதீர்கள்.

## அறிகுறி 5: எல்லா டூலும் ஆமாம் என்கின்றன, லேபில் ஒன்றும் நடக்கவில்லை

இரண்டும் ஒரே செல்லில் இருக்கின்றனவா? மிர்-122 கல்லீரலில் பெருகிக் கிடக்கும்; மற்றப் பெரும்பாலான செல்களில் பெயரளவுக்குத்தான். இலக்கு மரபணு உங்கள் செல்லில் வெளிப்படவே இல்லை என்றால் கணிப்பு சரியாக இருந்தும் பயனில்லை. க்யூபிசிஆர் ஒரு தட்டில் தெரிந்துவிடும்.

எவ்வளவு மாற்றம் எதிர்பார்த்தீர்கள்? 2008-இல் இரண்டு குழுக்கள் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து காட்டியது இதைத்தான்: ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான புரதங்களைத் தொடுகிறது, ஆனால் ஒவ்வொன்றையும் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே குறைக்கிறது. மூன்று வெஸ்டர்ன் பிளாட் எடுத்து, பட்டை மங்கவில்லை என்று கைவிடுவது அவசரம். எம்ஆர்என்ஏவையும் அளங்கள். பாலூட்டிச் செல்களில் புரதக் குறைவில் குறைந்தது 84 சதவீதத்துக்கு எம்ஆர்என்ஏ குறைவதே காரணம் என்று 2010-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அதை அளப்பதும் சுலபம்.

யுடிஆர் குட்டையாகிவிட்டதா? வேகமாகப் பெருகும் செல்கள் குட்டையான யுடிஆரைப் பயன்படுத்தும் போக்கு உண்டு. புற்றுநோய்ச் செல் வரிசையில் வேலை செய்தால், டூல் காட்டும் இடம் உங்கள் எம்ஆர்என்ஏவில் வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். எச்எம்ஜிஏ2-விலேயே சில கட்டிகளில் குரோமோசோம் முறிந்து லெட்-7 இடங்கள் கழன்றுவிடுகின்றன. 3 பிரைம் ரேஸ் (எம்ஆர்என்ஏவின் வால் முனையைக் கண்டறியும் சோதனை) செய்து முனை எங்கே என்று பாருங்கள்.

கடைசியாக லூசிஃபெரேஸ். யுடிஆர் துண்டை ரிப்போர்ட்டரோடு சேர்த்து ஒன்று, விதை இடத்தில் இரண்டு மூன்று எழுத்தை மாற்றி இன்னொன்று. மாற்றிய வடிவம் இல்லாமல் செய்த சோதனைக்கு மதிப்பில்லை. அடக்கம் அந்த இடத்தால்தான் வந்தது என்று அதுதான் காட்டும். மிமிக்கை (செல்லில் ஏற்றும் செயற்கை மைக்ரோ ஆர்என்ஏவை) அள்ளிப் போடாதீர்கள். செல்லில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு ஏற்றினால் எதுவும் குறையும்.

இதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் தனியாக இறங்க வேண்டாம். கிட் வெளிநாட்டிலிருந்து வந்து, சுங்கத்தில் கிடந்து, உங்கள் கைக்கு வரும்போது மானிய ஆண்டு முடியும் நிலை வந்துவிடும். இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்யும் ஆய்வகம் ஒன்றோடு முதலிலேயே கூட்டுச் சேருங்கள். அவர்களிடம் போகும்போது மூன்றைக் கையில் கொண்டு போங்கள்: உங்கள் செல்லில் இரண்டும் வெளிப்படுகின்றன என்பதற்கான க்யூபிசிஆர், யுடிஆரின் சாங்கர் வரிசை, மாற்ற வேண்டிய எழுத்துகள் குறித்த படம்.

## அறிகுறி 6: எந்த மைக்ரோ ஆர்என்ஏவைக் கொடுத்தாலும் "புற்றுநோய்ப் பாதைகள்" என்றே வருகிறது

நீரிழிவு மாதிரியிலிருந்து எடுத்தாலும் இதே கதை என்றால் விடை உங்கள் மாதிரியிலிருந்து வரவில்லை. யுடிஆர் நீளமான மரபணுக்கள் எந்தக் கணிப்புப் பட்டியலிலும் அதிகம் விழும். வழக்கமான பாதைச் சோதனையோ (பட்டியலில் எந்த உயிரியல் பாதையின் மரபணுக்கள் மிகுதி என்று பார்ப்பது) எல்லா மரபணுவுக்கும் பட்டியலில் விழச் சம வாய்ப்பு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

பின்னணிப் பட்டியலை மாற்றுங்கள்: மொத்த ஜீனோமும் வேண்டாம், உங்கள் திசுவில் வெளிப்படும் மரபணுக்கள் மட்டும். அப்புறம், உங்களிடம் இருக்கும் அதே எண்ணிக்கையில் மைக்ரோ ஆர்என்ஏக்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஆயிரம் முறை அதே சோதனையை ஓட்டுங்கள். அங்கேயும் அதே பாதை மேலே வந்தால் உங்கள் அட்டவணையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இதை எழுதத் தெரியவில்லை என்றால் புள்ளியியலாளரைப் பாருங்கள்; கட்டுரை எழுதிய பிறகு போவதைவிட இப்போதே போவது நல்லது.

## அறிகுறி 7: தாவர மைக்ரோ ஆர்என்ஏ, இலக்குகள் மலைபோல்

மவுண்ட் எட்ஜ்கம் பக்கம் கரும்பில் வேலை செய்பவர்களுக்கு. மிராண்டாவும் டார்கெட்ஸ்கேனும் விலங்குகளுக்கானவை. தாவரத்தில் பொருத்தம் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் இருக்கும். வெட்டு 10-ஆவது, 11-ஆவது எழுத்துகளுக்கு எதிரே விழும். பிஎஸ்ஆர்என்ஏடார்கெட்டுக்கு மாறுங்கள். அதன் பழைய பதிப்பு தன்னியல்பாக எதிர்பார்ப்பு மதிப்பை 3-இல் வெட்டும், 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு 5-இல்; இரண்டு கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுமுன் இதைப் பாருங்கள். கட்டுப்பாட்டு ஜோடியாக மிர்156, அதன் இலக்கான எஸ்பிஎல் மரபணுக் குடும்பம். அது வந்தால் டிக்ரடோம் தரவில் (வெட்டுப்பட்ட எம்ஆர்என்ஏ துண்டுகளின் சீக்வென்சிங்கில்) வெட்டு விழும் இடத்தைத் தேடுங்கள்.